உன் அப்பாவுக்கு இதயம், எனக்கு மனசு

கண்ணு,

“எல்லாம் நார்மல்மா, கவலைப்படாதே” என்று நீ அனுப்பியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நித்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாய். இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லை, ஆபீஸ் டென்ஷன்தான், நல்ல தூக்கமும் மூச்சுப் பயிற்சியும் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் நிம்மதியாகிவிட்டது. உன்னைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மனைவியோடு போய் உட்கார்ந்திருக்கிறாய், அதைக்கூடச் செய்யாத ஆண்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த “நார்மல்” என்ற வார்த்தையோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்தியவள். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பாதியை நாளைக்குப் படி. ஆனால் முழுக்கப் படி.

பொங்கலுக்கு நீங்கள் இருவரும் இங்கே ஊருக்கு, அரவேணுவுக்கு வந்திருந்தபோது நீ முன்னறையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாய். நித்யா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்திவிட்டு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. கழுத்துக் குழி துடிப்பது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. “என்ன கண்ணு?” என்றேன். “ஒண்ணுமில்லீங்கத்தை, சித்த நேரத்துல போயிரும்” என்றாள். “எப்பிடி வருது? கொஞ்சங் கொஞ்சமா ஏறுதா?” என்று கேட்டேன். “இல்லீங்கத்தை. சுவிட்சு போட்டாப்புல ஓட ஆரம்பிக்குது. அதே மாதிரி நின்னும் போயிருது. அவருகிட்டச் சொன்னா டென்ஷன்ங்கறார்” என்றாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே நீங்கள் கிளம்பினீர்கள். “டாக்டரைப் பாரு” என்று மட்டும் அவளிடம் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று உன் செய்தியைப் பார்த்ததும் புரிந்தது.

உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் உன் அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஊரில் அவருக்கு இருந்த மரியாதைக்காகவோ, நினைத்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப முடிந்ததற்காகவோ இல்லை. அதெல்லாம் பழகிவிட்டது. அவருக்கு வந்த நோயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரியின் சேலையைப் பார்த்து வருமே, அந்த மாதிரி வயிற்றுக்குள் இருந்து வந்த அசல் பொறாமை. அவர் பிழைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் அது இருந்தது.

எனக்கு இந்த நெஞ்சு ஓட்டம் முதலில் வந்தது நூலகத்தில். நீ அப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். படிப்பு கெடக் கூடாது என்று வீட்டு விஷயத்தில் பாதியை உனக்குச் சொல்லாமலே விட்டோம். ஊர் நூலகத்தில் நான் வேலை பார்த்த அந்தச் சின்ன அறை உனக்கு நினைவிருக்கும். கீழ்த்தட்டிலிருந்து புத்தகங்களை வாரிக்கொண்டு நிமிர்ந்தேன். நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். அடுத்த கணம், தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் மிஷினை ஓடவிட்ட மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது. தொண்டை வரை அடித்தது. அந்தக் குளிரில் வேர்த்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. ஓடியது, அப்படியே நின்றது. நின்ற பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. எழுந்து புத்தகங்களை அடுக்கினேன்.

நாலைந்து தடவை வந்த பிறகு அப்பா என்னைக் கோத்தகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, உள்ளே போய் உட்காரும்போது என் நெஞ்சு கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், இ.சி.ஜி.யும் எடுத்தார். “எல்லாம் நார்மல்” என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “வீட்டில ஏதாவது பிரச்சனையா?” என்றும் அவரிடம்தான் கேட்டார். “எல எடுக்கற தொழிலுங்க. வெல உழுந்து போச்சு. ஊட்டுல அதே பேச்சுதானுங்க” என்றார் அப்பா. “அதான். இவங்க மனசுல போட்டுக் கொழப்பிக்கறாங்க. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படி இருக்கும்” என்று சொல்லி, ஒரு சத்து மாத்திரையும் தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையைப் போட்டால் காலையில் பால்காரர் கூப்பிடுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்கும். நெஞ்சு ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. எனக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பார். “டாக்டரே சொல்லீட்டாருல்ல, ஒண்ணுமில்லீன்னு. நீ வேற எதையாச்சும் நெனச்சுக்க” என்பார். எதை நினைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியாது. என்னைத் தேற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். நானோ நாளாக நாளாக என் பேச்சை நானே நம்பாமல் போனேன். வரும்போது வாயைத் திறப்பதில்லை. வாசல் தொட்டியில் பனி விழுந்து குளிர்ந்து கிடக்கும் தண்ணீரில் முகத்தை முக்குவேன். சில நேரம் அதில் நின்றுவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு தோசை ஊற்றப் போய்விடுவேன். மனசுதான் காரணம் என்றால் தண்ணீரில் முக்கினால் எப்படி நிற்கும் என்று ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இலை விலை விழுந்த அந்த வருடங்கள் உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிற ஏஜென்டாக அப்பா இருந்தார். குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூளுக்கு விலை இறங்க இறங்க, இலைக்குக் கொடுக்கிற விலையும் இறங்கியது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிலர் செடியை அப்படியே மரமாக வளரவிட்டார்கள். நூலகத்துக்கு வருகிற ஆண்கள் செய்தி படிப்பதை விட்டுவிட்டு ஏல விலை போட்ட மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா இலையை எடை போடுகிற கொட்டகையில் நின்றால் விவசாயிகள் சுற்றி நின்று ஏசினார்கள். விலையை அவரா வைக்கிறார்? அவரும் பதில் பேசாமல் நிற்பார், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பார்.

ஒருநாள் காலை, கொட்டகையில் சாக்கை எடைக்குத் தூக்கிவிட்ட அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “படபடங்குது” என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். முந்தின நாள் அவரை அடிக்க வந்தவர்களே அவரைத் தூக்கி இலை லாரியில் முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். எதிரே வந்த வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். ஆள் வந்து சொல்லி நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் இ.சி.ஜி. எடுத்து முடித்து, கோயம்புத்தூருக்கு அனுப்ப ஏற்பாடும் செய்துவிட்டார்கள். இதயத்தின் மேல் அறை தாளம் தப்பித் துடிக்கிறது, விட்டுவைத்தால் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம் என்று சொன்னார்கள். “அவரை யாரும் பேச வைக்காதீங்க. எந்தக் கவலையும் சொல்லாதீங்க” என்று நர்சு எல்லோரையும் வெளியே அனுப்பினாள். நான் கதவோரம் நின்றேன். இவர் பிழைக்க வேண்டுமே என்று பயந்துகொண்டு சாமியைக் கும்பிட்டேன். அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அந்தப் பொறாமை முதல்முதலாக வந்தது. இவருக்கு ஒரே தடவை வந்ததும் ஊரே ஓடி வருகிறதே என்று.

கோயம்புத்தூரில் மின்சார அதிர்ச்சி கொடுத்து அவருடைய நெஞ்சைச் சீராக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் போல வாசல் நிறைய செருப்பு. ஆரஞ்சு, ரொட்டி, ஹார்லிக்ஸ். கோத்தகிரி டாக்டர்கூட ஆள் விட்டு விசாரித்தார். எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். “பாவம், எத்தனை பாரத்தைத் தாங்குவாரு? எல வெலைதான் அவரோட இதயத்தப் போட்டு அமுக்கீருச்சு” என்றார் உன் பெரியப்பா. நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார் கண்ணு. விழுந்த விலை ஒன்றுதான். ஒரே கூரைக்குக் கீழேதான் இரண்டு பேரும் இருந்தோம். அது அவருக்கு இதயத்தில் இறங்கியது, எனக்கு மனசில் ஏறியதாம். அவருக்கு வந்தால் நோய், எனக்கு வந்தால் குணம். அந்தச் சாயங்காலம் ஆரஞ்சை உரித்து அவர் கையில் கொடுக்கும்போது, ஒரு சுளையை வேண்டுமென்றே நான் வாயில் போட்டுக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை. அத்தனை அற்பமான பொறாமை அது. அவருடைய இ.சி.ஜி. தாளைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. மடித்து அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார், வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாளும் இல்லை.

நான் முயற்சி செய்யாமலும் இல்லை. அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அவரைப் பார்த்த இதய டாக்டரை வராண்டாவில் நிறுத்தி, “எனக்கும் இப்பிடி நெஞ்சு ஓடுதுங்க டாக்டர், ரொம்ப நாளா” என்றேன். அவர் நல்ல மனிதர், தட்டிவிட்டுப் போகவில்லை. நின்று, சிரித்து, “வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாதப்போ அப்படித்தாம்மா தோணும். நீங்க தைரியமா இருந்தாத்தான் அவர் தேறுவார்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அப்பாவுக்கு மறுபரிசோதனை. நாள் முழுக்க நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்க ஒரு கருவியைக் கட்டி அனுப்பினார்கள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இடுப்பில் கட்டி, அதிலிருந்து வருகிற ஒயர்களை நெஞ்சில் பசை வில்லைகளை ஒட்டி மாட்டிவிடுவார்கள். கழன்றால் மாற்றிக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு வில்லைகளை ஒரு கவரில் போட்டும் கொடுத்தார்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று நர்சு மாட்டும்போது நான் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொறாமைதான். “குளிக்கக் கூடாதுங்க” என்று படித்துப் படித்துச் சொன்னாள் அந்தப் பெண். உன் அப்பா யார் சொல்லைக் கேட்டிருக்கிறார்? மறுநாள் காலை கொட்டகைக்குப் போய்விட்டு இலைத் தூசியோடு வந்தார். “அரிக்குது. ரெண்டு சொம்பு ஊத்தீட்டு வந்தர்றேன்” என்று வில்லைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் அவிழ்த்துப் போட்ட சட்டையை எடுக்கக் குனிந்தேன். துள்ளியது. ஓட ஆரம்பித்துவிட்டது.

வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போயிருப்பேன். ஆனால் கட்டில்மேல் அந்தப் பெட்டி கிடந்தது. சின்ன விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. எந்த நெஞ்சும் இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தாழிட்டேன். கவரிலிருந்து புது வில்லைகளை எடுத்தேன். ஒவ்வொன்றாக ஒட்டி, நிறம் பார்த்து ஒயர்களை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். குளியலறையில் உன் அப்பா தண்ணீரை மோந்து மோந்து ஊற்றிக்கொள்வது கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நிற்காதே, இன்னும் கொஞ்சம் ஓடு என்று என் நெஞ்சைப் பார்த்துக் கெஞ்சினேன். அது ஓடியது. பிறகு, வழக்கம்போல, நின்றது. எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டேன். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்ததும், மீதியிருந்த வில்லைகளை நானே அவருக்கு ஒட்டிவிட்டேன். “உனக்கெப்பிடித் தெரியும்?” என்றார். “பாத்தனில்ல” என்றேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாளே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். “உங்க வீட்டுக்காரரை உடனே கூட்டிட்டு வாங்க. தனியா அனுப்பாதீங்க.” வாடகைக் கார் பிடித்தோம். மலைப்பாதை முழுக்க இறங்கி முடிக்கிற வரை அப்பா என் கையை விடவில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியவே இல்லியே, எப்ப ஓடியிருக்கும்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாதி வழியில் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார். வராண்டாவில் என் தோளைத் தட்டிவிட்டுப் போன அதே டாக்டர் அதை ஓர் ஆம்பளையின் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படிக்க வேண்டும். அதை நான் காதால் கேட்க வேண்டும். அந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துத் தாளை விரித்தார். முகத்தில் சிரிப்பில்லை. “இங்க பாருங்க. இருநூறுக்குக் கிட்ட ஓடியிருக்கு. இது உங்களுக்கு முன்னாடி இருந்தது இல்ல, இது வேற. மயக்கம் போட்டு விழுந்திருப்பீங்க. வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. இன்னிக்கே சேர்ந்துருங்க. எந்த இடத்துல கோளாறுன்னு பார்த்துச் சரி பண்ணிரலாம்” என்றார். நான் கேட்டேன், “டென்ஷன்ல இப்பிடி ஓடுமுங்களா டாக்டர்?” அவர் என்னைக் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்தார். “என்னம்மா பேசறீங்க? இதயத்துக்குள்ள கரெண்டு போற பாதையில கூடுதலா ஒரு பாதை இருக்கு. அதுல சுத்திச் சுத்தி ஓடுது. இதுக்கும் டென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?”

“அது அவரோடது இல்லீங்க. என்ற நெஞ்சுங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. டாக்டருக்குக் கோபம் வந்தது. கருவியை இப்படியெல்லாம் செய்யலாமா என்றார். தாளை இன்னொரு தடவை பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு ஓடுதுன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?” என்றார். “சொன்னேங்க. இந்த வராண்டாவுலதான் சொன்னேன். அவருக்கு ஒடம்பு சரியில்லாததால எனக்கும் அப்பிடித் தோணுதுன்னீங்க” என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தாள் அதேதான். கோடுகளும் அவைதான். ஆனால் அவர் குரல் மாறிவிட்டது. “சரி. உங்களுக்கு இப்ப ஒரு மாத்திரை எழுதித் தர்றேன். பொம்பளைங்க நிறையப் பேரு இதோடவே நல்லா இருக்காங்க. முதல்ல அவரோடதைப் பார்ப்போம், அவருக்கு ஒயர் விட்டுப் பண்ற சிகிச்சை தேவைப்படலாம். உங்களோடதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏணி ஏறக்கூடாத நெஞ்சு அது. என்னுடையது என்று தெரிந்ததும், அடுப்படியில் நின்று சமைக்கலாம், பரவாயில்லை என்றாகிவிட்டது. எழுந்திருக்கலாம் என்று சேலையைச் சரிசெய்தேன்.

அப்போது அப்பா வாயைத் திறந்தார். “டாக்டர், எனக்கு அந்த ஒயர் வைத்தியம் பண்ணுனா மறுபடி வராதுங்களா?” என்றார். “உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சில பேருக்குத் திரும்பி வரும்” என்றார் டாக்டர். “இவளுக்குப் பண்ணுனா?” டாக்டர் தாளைத் தொட்டுக் காட்டினார். “இவங்களுக்கு இருக்கற வகை அநேகமா முழுசாப் போயிரும்.” “அப்பறம் ஏனுங்க போற நோயை வெச்சுக்கச் சொல்லீட்டு, போகாத நோய்க்கு மொதல்ல படுக்கச் சொல்றீங்க?” அப்பா குரலை உயர்த்தவே இல்லை. இலைக் கொட்டகையில் அத்தனை பேர் ஏசும்போது நிற்பாரே, அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். “அவ சொன்னப்பல்லாம் நானும் ஒண்ணுமில்லீன்னுதானுங்க சொல்லீட்டிருந்தேன். இப்ப தாளே சொல்லுது. எனக்கு அப்பறம் பாருங்க.” டாக்டர் தாளை மடித்து வைத்தார். “நீங்க சொல்றது சரிதான். எனக்கு அப்படி யோசிக்கத் தோணல” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

உன்னிடம் அப்போது கர்ப்பப்பைக் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, நரம்பு வழியாக இதயம் வரை மெல்லிய ஒயரைச் செலுத்தினார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கோளாறு எந்த இடத்தில் என்று பார்க்க, அவர்களே வேண்டுமென்று என் நெஞ்சை ஓடவைத்தார்கள். அதே துள்ளல், அதே ஓட்டம். டாக்டர் குனிந்து, “உங்களுக்கு வர்றது இதுதானாம்மா?” என்று கேட்டார். “இதுதானுங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று நர்சு பதறினாள். வலி ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பிறகு அந்தப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை.

அப்பாவுக்கும் செய்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தார், பிறகு திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் அவருக்கு இன்றைக்கும் இத்தனை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, துடிப்பு அடங்க ஒன்று. செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்திகூட எடுக்கக் கூடாது, கீறினால் ரத்தம் நிற்காது. நான் மேட்டில் ஏறிப்போய் நம் செடியில் இலை பறித்துவிட்டு வந்தால், வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், “உனக்குப் போயிருச்சு. எனக்குத்தான் நின்னுக்கிச்சு. பாத்தா வயிறெரியுது போ” என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. இப்போது தெரிகிறதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். தாளம் தப்பித்தான் அடித்தது. என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவருடைய பொறாமையும் என்னுடையதும் கொஞ்ச நேரம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

இனி நித்யாவுக்கு வருகிறேன். ஓட்டம் நின்ற பிறகு எடுக்கிற இ.சி.ஜி. பெரும்பாலும் நார்மல் என்றுதான் சொல்லும். அவளுக்கு வந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். வந்த உடனே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போகட்டும், நீ வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதில் அகப்படாவிட்டால் நாள் கணக்கில் கட்டி வைக்கிற கருவியைக் கேட்டு வாங்கு. ஒரு நாளில் அகப்படாவிட்டால் கூடுதல் நாளுக்குக் கேள். இதய மின்கோளாற்றை மட்டும் பார்க்கிற டாக்டர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் போ. அவளுக்கு இருப்பது எனக்கு இருந்ததேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நான் டாக்டர் இல்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பது வேறு, பொம்பளை என்பதால் ஒன்றுமில்லை என்பது வேறு. டாக்டரிடம் போனால் அவளுக்காக நீ பேசாதே, அவளே சொல்லட்டும். டாக்டர் அவளை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துப் பேசினால், நீ அவள் பக்கம் திரும்பிக்கொள். அவரும் திரும்பித்தான் ஆக வேண்டும். அவள் “சித்த நேரத்துல போயிரும்” என்று சொன்னால் நம்பாதே. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சொல்லிச் சொல்லிச் சலித்தவர்கள் சொல்கிற பேச்சு அது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ அவளுக்காக விடுப்புப் போட்டு, அவள் பக்கத்தில் நின்று, ஒரு தடவை சொன்னதையே நம்பி ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். உன் அப்பா நல்லவர், ஆனால் என்னை நம்ப அவருக்கே ஒரு தாள் தேவைப்பட்டது. அவளை நம்ப உனக்கு அது தேவைப்படாமல் போனால் என் வயிறு கொஞ்சம் எரியும். மருமகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மாமியார் என்று ஊர் சொல்லட்டும். எத்தனையோ பொறாமைப்பட்டிருக்கிறேன், இதற்காகப் படுவதில் எனக்கு வெட்கமில்லை. நீ அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு.

அம்மா